ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று: இது எப்படி வந்தது?

கேட்டவர் நாலாம் வகுப்புப் பெண்ணின் அப்பா. மகளுக்கு டிக்டேஷன் போடும்போது வந்த சந்தேகம்: "நைஃப் என்றால் முன்னால் ஒரு கே. நைட் என்றால் நடுவில் ஜி, எச். சொல்லாத எழுத்தை எதற்கு எழுத வேண்டும்? இதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று ஆங்கிலேயர்களுக்குத் தோன்றவே இல்லையா?"

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். தோன்றியது, பலமுறை தோன்றியது, பல பேர் முயன்று தோற்றார்கள். முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீட்டி முழக்க வேண்டும். அந்த கே, ஜி, எச் எல்லாமே ஒரு காலத்தில் வாயால் சொன்ன எழுத்துகள். சொல்லாத எழுத்தை யாரும் வேலை மெனக்கெட்டு எழுதவில்லை, சில பண்டிதர்களைத் தவிர. அவர்கள் கதை பின்னால் வருகிறது. நாக்கு மாறியது, கை மாறவில்லை. அதுவும் நாக்கு வேகமாக மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் கை உறைந்துபோனது.

ரோமானிய ஆட்சி பிரிட்டனை விட்டுப் போனது சுமார் 410இல். அதன் பிறகு இன்றைய டென்மார்க், வட ஜெர்மனிக் கரைகளிலிருந்து ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்கள் என்ற கூட்டங்கள் கடல் தாண்டி வந்து குடியேறின. அவர்கள் பேசிய ஜெர்மானியக் கிளைமொழிகள்தான் ஆங்கிலத்தின் தொடக்கம். கல்லிலும் எலும்பிலும் கீறுவதற்கு அவர்களிடம் ரூன் என்ற எழுத்து இருந்தது. 597இல் போப் கிரிகோரி அனுப்பிய அகஸ்டின் என்ற துறவி கென்ட் பகுதியில் வந்து இறங்கினார். அவரோடு மதமும் வந்தது, லத்தீன் எழுத்தும் வந்தது.

லத்தீன் எழுத்து லத்தீனுக்காக உண்டானது, மொத்தம் 23. ஆங்கிலத்தில் இருந்த ஒலிகளோ அதைவிடக் கணிசமாக அதிகம். துறவிகள் சமாளித்தார்கள். வடமொழிச் சொற்களுக்காக நாம் ஜ, ஷ, ஸ, ஹ வைத்துக்கொண்டதுபோல, அவர்கள் ரூனிலிருந்து இரண்டு எழுத்தை எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். 'தின்' (மெலிந்த) என்ற சொல்லின் முதல் ஒலிக்கு 'தார்ன்' என்று ஒரு எழுத்து. டபிள்யூ ஒலிக்கு 'வின்' என்று இன்னொன்று. அதனால் பழைய ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை ஏறக்குறைய அப்படியே வாய்விட்டு வாசிக்கலாம். ஆல்ஃப்ரட் மன்னர் காலத்துக்கு (ஆட்சி 871–899) நூறு ஆண்டு கழித்துப் பார்த்தால், வின்செஸ்டரை மையமாகக் கொண்ட வெசெக்ஸ் நாட்டு எழுத்தர்கள் வியக்கத்தக்க ஒழுங்கோடு ஒரே மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலத்துக்கு ஒரு நல்ல ஸ்பெல்லிங் முறை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

உங்கள் 'நைஃப்' அந்தக் காலத்தின் கடைசியில் வந்து சேர்ந்த சொல். 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்ததில் தொடங்கிய வைக்கிங்குகள் (ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்), பிறகு இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன சொற்களில் ஒன்று 'க்னீஃப்'. முதலில் 'க்', அப்புறம் 'ன்', இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' அப்போது 'க்னிஹ்ட்'. கே, என், ஜி-எச், டி ஒன்றுவிடாமல் வாயில் வரும். முழங்காலுக்கு ஜெர்மன்காரர்கள் இன்றும் 'க்னீ' என்கிறார்கள், ஆங்கிலேயர்கள் 'நீ' என்கிறார்கள். இருவரும் கே போட்டுத்தான் எழுதுகிறார்கள். ஆங்கில நாக்கில் இந்த 'க்' 1600களில் தேய ஆரம்பித்து 1700களில் போயே போனது. அதற்குள் ஸ்பெல்லிங் அச்சில் உட்கார்ந்துவிட்டது.

இடையில் 1066. நார்மண்டியின் டியூக் வில்லியம் ஹேஸ்டிங்ஸில் ஜெயித்து அரசரானார். அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு, திருச்சபைக்கும் பதிவேடுகளுக்கும் லத்தீன், வயலுக்கும் அடுப்படிக்கும் ஆங்கிலம் என்று ஆனது. இதனால் ஆயிரக்கணக்கில் பிரெஞ்சுச் சொற்கள் வந்து புகுந்ததைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அதைவிடச் சின்ன விஷயம்: பேனா யார் கையில் இருந்தது என்பது. பிரெஞ்சுப் பழக்கத்தில் ஊறிய எழுத்தர்களுக்கு ஆங்கிலம் எழுத நேர்ந்தபோது, தங்களுக்குத் தெரிந்த வழியில் எழுதினார்கள். 'க்வேன்' (அரசி) என்ற சொல்லை ஆங்கிலேயர்கள் சி, டபிள்யூ ஒலி என்று எழுதிவந்தார்கள். வந்தவர்கள் கியூ, யூ என்று மாற்றினார்கள். 'ஹூஸ்' (வீடு) என்ற சொல்லின் நெடில் ஊவுக்கு ஒரு யூ போதுமாக இருந்தது. பிரெஞ்சுக்காரர் ஓ, யூ இரண்டையும் போட்டார்கள். 'ச' ஒலிக்கு சி-எச் வந்தது. 'நிஹ்ட்' (இரவு) என்ற சொல்லின் தொண்டை ஒலிக்கு எச் ஒன்றே இருந்தது, அது காலப்போக்கில் ஜி-எச் ஆனது.

இதில் எனக்குப் பிடித்த ஒன்றைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 'லவ்', 'கம்', 'சன்' (மகன்), 'மங்க்' (துறவி), 'வண்டர்', 'டங்' (நாக்கு): இவற்றில் 'அ'போல ஒலிக்கும் இடத்தில் ஓ எழுதுகிறோமே, ஏன்? பழைய ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் யூ போட்டு, குறில் உகரமாகச் சொன்னவை. அன்றைய கோதிக் கையெழுத்தில் ஐ என்பது ஒரு சின்னச் செங்குத்துக் கோடு. யூ இரண்டு கோடு. என் இரண்டு கோடு. எம் மூன்று கோடு. வி எழுத்தும் யூவும் ஒன்றுதான். இவை பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வெறும் வேலிக்கம்புகள்தான் தெரியும், எங்கே ஒரு எழுத்து முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கண்ணுக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்பதற்காக எழுத்தர்கள் அந்த யூவை ஓவாக மாற்றினார்கள். ஐயின் தலையில் புள்ளி வந்ததும் இதே தொல்லையால்தான். கையெழுத்து மாறி 500 ஆண்டு ஆகிவிட்டது, நம் பிள்ளைகள் இன்னும் 'லவ்'வுக்கு ஓ போடுகிறார்கள்.

நார்மன் வெற்றியால் வின்செஸ்டர் ஒழுங்கு கலைந்ததும், ஊருக்கு ஊர் தங்கள் பேச்சுப்படி எழுத ஆரம்பித்தார்கள். 'த்ரூ' (வழியாக) என்ற ஒரே சொல்லுக்கு அந்தக் காலக் கையெழுத்துச் சுவடிகளில் ஐந்நூறு வகை ஸ்பெல்லிங்கை ஆய்வாளர்கள் திரட்டியிருக்கிறார்கள். பின்னால் லண்டனில் எல்லாம் கலந்தபோது ஒரு ஊரின் எழுத்தும் இன்னொரு ஊரின் உச்சரிப்பும் ஒட்டிக்கொண்ட கூத்தும் நடந்தது. 'பிஸி' என்கிறோம், எழுதும்போது யூ போடுகிறோம். எழுத்து மேற்குப் பகுதியினுடையது, ஒலி கிழக்கு நடுநாட்டினுடையது. 'பெரி' (புதை) என்ற சொல்லிலும் யூதான். அந்த எகர ஒலி கென்டிலிருந்து வந்தது.

இந்தக் குழப்பத்தைப் பார்த்து மனம் நொந்த ஒருவர் இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் லிங்கன்ஷயர் பக்கம் வாழ்ந்த ஓர்ம் என்ற துறவி. பிரசங்கம் செய்பவர்கள் சொற்களைச் சரியாக உச்சரிக்க வேண்டும் என்று, தானே ஒரு ஸ்பெல்லிங் முறையை வகுத்தார். உயிர் குறிலாக இருந்தால் அடுத்து வரும் மெய்யை இரட்டிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த முறையில் ஒரு மாபெரும் நூலை எழுதினார், இன்று கிடைப்பதே சுமார் 19,000 வரி. இதைப் பிரதி எடுப்பவர்கள் நான் இரட்டித்த இடத்திலெல்லாம் இரட்டித்தே எழுத வேண்டும் என்று முன்னுரையில் வற்புறுத்துகிறார். பாவம், யாரும் பிரதி எடுத்த அடையாளமே இல்லை. அவர் கைப்பட எழுதிய ஒரே சுவடி ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

ஆங்கிலம் மெல்ல மேலேறியது 14ஆம் நூற்றாண்டில். 1204இல் நார்மண்டி கைவிட்டுப் போனது, பிரான்சோடு நெடும் போர், 1348இல் வந்த கொள்ளைநோய் எல்லாம் அதற்கு வழி விட்டன. 1362இல் நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது, பிரெஞ்சு மக்களுக்குப் புரிவதில்லை என்பது காரணம். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! 1417 முதல் ஐந்தாம் ஹென்றி தன் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுத வைத்தார். லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் அலுவலக எழுத்தர்கள் கையில் ஆங்கிலம் மறுபடி ஒரு பொது வடிவத்துக்கு வரத் தொடங்கியது.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைத் திறந்தார். இவர் பண்டிதர் அல்ல, வியாபாரி. பல ஆண்டுகள் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் புரூஜ் நகரில் இருந்துவிட்டு வந்தவர். எந்த ஆங்கிலத்தில் அச்சடிப்பது என்பது அவருக்குத் தொழில் பிரச்சினை. 1490இல் ஒரு நூலின் முன்னுரையில் அவரே ஒரு சம்பவம் சொல்கிறார். தேம்ஸ் நதியிலிருந்து கப்பலில் புறப்பட்ட சில வணிகர்கள், காற்று இல்லாமல் வழியில் கரை இறங்குகிறார்கள். ஒருவர் ஒரு வீட்டில் போய்ச் சாப்பாடு கேட்கிறார், குறிப்பாக 'எக்ஸ்' (முட்டை) வேண்டும் என்கிறார். வீட்டுக்காரம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாதே என்கிறாள். அவருக்குக் கோபம் வருகிறது, அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! கூட இருந்த இன்னொருவர் 'ஐரன்' வேண்டும் என்கிறார். அம்மாவுக்கு உடனே புரிந்துவிடுகிறது. இரண்டும் முட்டைதான். ஒன்று வைக்கிங் வழி வந்த வடக்குச் சொல், மற்றது பழைய தெற்குச் சொல். இந்த நாளில் மனுஷன் எதை எழுதுவது என்று காக்ஸ்டன் அங்கே புலம்புகிறார். கடைசியில் எது நிலைத்தது என்பது தெரிந்ததுதான்.

அவருடைய அச்சுக்கோப்பாளர்கள் சிலர் கடலுக்கு அப்பால் ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்தவர்கள். 'கோஸ்ட்' (ஆவி) என்ற சொல்லில் ஜிக்குப் பக்கத்தில் ஒரு எச் நிற்கிறதே, அதற்கு முன் ஆங்கிலத்தில் அது கிடையாது. புரூஜ் பக்கத்து ஃப்ளெமிஷ் மொழியில் அப்படி எழுதுவார்கள், பழக்கதோஷத்தில் இங்கேயும் கோத்துவிட்டார்கள். 'கூஸ்' (வாத்து) போன்ற சொற்களிலும் அந்த எச்சை நுழைத்துப் பார்த்தார்கள், அங்கே நிற்கவில்லை. இன்னொரு பக்கம், இறக்குமதியான அச்சுகளில் 'தார்ன்' எழுத்து இல்லை. பக்கத்தில் ஒத்துப்போவது ஒய் என்று அதைப் போட்டார்கள். இங்கிலாந்தில் பழமை தெரிவதற்காகக் கடைப்பலகைகளில் 'யீ ஓல்ட்' என்று போடும் வழக்கம் உண்டு. அந்த இடத்தில் 'யீ' என்று ஒரு சொல் இருந்ததே இல்லை. அது 'தி'தான், ஒய் வேஷத்தில் இருக்கும் தார்ன்.

அச்சு வந்தால் ஸ்பெல்லிங் நிலைப்பது இயல்பு. ஒரே நாளில் நிலைத்துவிடவில்லை. ஷேக்ஸ்பியரின் கையெழுத்து என்று எஞ்சியிருக்கும் ஆறும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் 1650 வாக்கில் அச்சு நூல்களின் ஸ்பெல்லிங் நமக்குப் பழக்கமான வடிவத்துக்குப் பெரும்பாலும் வந்துவிட்டது. விபத்து என்னவென்றால், 1400 முதல் 1700 வரையிலான அதே காலத்தில்தான் ஆங்கிலத்தின் நெடில்கள் அத்தனையும் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்துகளின் பெயரை ஒரு இத்தாலியரையோ ஸ்பானியரையோ சொல்லச் சொல்லுங்கள். ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்பார், நம் நெடில் வரிசைபோலவே. ஆங்கிலேயர் மட்டும் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்பார். 1400 வாக்கில் லண்டன்காரரும் அந்த எழுத்துகளை ஏறக்குறைய இத்தாலியர் மாதிரிதான் வாசித்தார். இப்போது ஆ, ஏ, ஈ என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூட, நாக்கு மேலேறுவது தெரியும். ஆங்கில நெடில்கள் ஒவ்வொன்றும் இந்தப் படிக்கட்டில் ஒரு படி ஏறின. ஆ மெல்ல மெல்ல ஏவாக ஆனது: 'நாம' (பெயர்) 'நேம்' ஆனது. ஏ ஈயானது: 'ஃபேட்' (பாதங்கள்) 'ஃபீட்' ஆனது. ஈக்கு மேலே ஏற இடமில்லை, உடைந்து ஐயானது: 'டீம' (காலம்) 'டைம்' ஆனது. பின்னால் இருக்கும் உயிர்களிலும் இதே கதைதான். ஓ ஊவானது: 'மோன்' (நிலா) 'மூன்' ஆனது. ஊ உடைந்து ஔவானது: 'ஹூஸ்' 'ஹௌஸ்' ஆனது. ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்றும் 'ஹூஸ்'தான். பேருந்துக்கு நிற்கும் வரிசையில் ஒருவர் நகர்ந்தால் எல்லோரும் நகர்வதுபோல ஒன்று நகர, மற்றதும் நகர்ந்தது. முதலில் நகர்ந்தது யார், ஏன் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் சண்டை. கொள்ளைநோய்க்குப் பிறகு பல வட்டாரத்து மக்கள் லண்டனில் வந்து கலந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது பலமாகப் பேசப்படும் ஒரு கருத்து. இந்த மாற்றத்துக்கு 'பெரும் உயிரொலிப் பெயர்ச்சி' என்ற பொருளில் பெயர் வைத்தவர் டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன், 1909இல்.

இது தெரிந்தால் பல முடிச்சுகள் தானாக அவிழும். இரண்டு ஈ எழுத்து சேர்ந்தால் ஏன் 'ஈ', இரண்டு ஓ சேர்ந்தால் ஏன் 'ஊ'? குறில் எகரத்தை இரண்டு முறை எழுதினால் நெடில் ஏ, குறில் ஒகரத்தை இரண்டு முறை எழுதினால் நெடில் ஓ. எழுதியவர் நோக்கம் அவ்வளவு நேரானது. 'ஃபுட்' (உணவு), 'குட்' (நல்ல), 'பிளட்' (இரத்தம்) மூன்றிலும் இரண்டு ஓ போட்டு மூன்று விதமாகச் சொல்கிறார்களே? மூன்றும் ஓகாரத்தில் தொடங்கி ஊகாரத்துக்குப் போனவைதான். இரத்தம் சீக்கிரமே குறிலாகி, பிற்பாடு அகரம்போல ஆனது. 'குட்' தாமதமாகக் குறுகி உகரத்தோடு நின்றுவிட்டது. உணவு குறுகவே இல்லை, இன்றும் நெடில்தான்.

'நேம்' சொல்லின் கடைசியில் நிற்கும் ஈ எழுத்தும் ஒருகாலத்தில் 'நாம' என்பதில் அந்தக் கடைசி அசையாக ஒலித்தது. 1400களுக்குள் அது விழுந்துவிட்டது. விழுந்தபிறகு, முன்னால் வரும் உயிர் நெடில் என்று காட்டும் அடையாளமாக அதற்குப் புது வேலை கொடுத்துவிட்டார்கள். ஓய்வுபெற்றவரைக் கூப்பிட்டு வேறு நாற்காலியில் உட்காரவைத்த மாதிரி என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அது உண்மையில் நல்ல ஏற்பாடு.

பெயர்ச்சி எல்லாச் சொல்லையும் ஒரே சீராக இழுத்துப் போகவும் இல்லை. ஈ-ஏ சேர்ந்து வரும் சொற்கள் பல 'ஈ' ஆகிவிட்டன, 'கிரேட்', 'பிரேக்', 'ஸ்டேக்' மூன்றும் 'ஏ'யில் நின்றுவிட்டன. 'டீ'யும் 1700களின் தொடக்கத்தில் இரண்டு மாதிரியும் கேட்டது. அலெக்சாண்டர் போப் ஒரு கவிதையில் அதை 'ஒபே' என்ற சொல்லுக்கு இயைபாக வைக்கிறார், அதாவது 'டே' என்று வாசிக்க வேண்டும், நம் தேயிலையில் இருக்கும் 'தே'வைப்போல. ஜி-எச் தொண்டை ஒலியும் இந்தக் காலத்தில்தான் போனது. 'நைட்', 'தோ' (ஆயினும்) போன்றவற்றில் சுவடில்லாமல் மறைந்தது, 'லாஃப்', 'ரஃப்', 'எனஃப்' போன்றவற்றில் 'ஃப்' ஆனது.

இனி அந்தப் பண்டிதர்கள். மறுமலர்ச்சிக் காலத்தில் லத்தீன் படித்தவர்களுக்கு, ஆங்கிலச் சொற்கள் தங்கள் பூர்வீகத்தைக் காட்டாமல் இருப்பது கௌரவக்குறைவாகப் பட்டது. 'டெட்' (கடன்) பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது. லத்தீனில் 'டெபிடும்', ஆகவே ஒரு பி போடு. 'டவுட்' (சந்தேகம்) லத்தீனில் 'டுபிட்டாரே', அதற்கும் ஒரு பி. 'ரிசீட்' (ரசீது) சொல்லில் இன்னொரு பி, 'பென்' என்பதில் வரும் பி, சொருகியதும் இப்படித்தான். 'ஐலண்ட்' (தீவு) விஷயத்தில் மூக்குடைந்தார்கள். அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல், லத்தீன் 'இன்சுலா'வுக்கும் அதற்கும் உறவே இல்லை. இருந்தாலும் ஒரு எஸ் போட்டுவிட்டார்கள், இன்றும் எடுக்கவில்லை. ஷேக்ஸ்பியர் ஒரு நாடகத்தில் இந்த மாதிரி ஒரு வாத்தியாரை வைத்துக் கேலி செய்கிறார். கடனில் இருக்கும் பி-யை ஜனங்கள் உச்சரிப்பதில்லையே என்று அந்த வாத்தியாருக்கு ஆத்திரம். சொல்லாத எழுத்தைச் சும்மா எழுதவைத்தவர்கள் என்று யாரையாவது திட்டவேண்டும் என்றால் இவர்களைத் திட்டலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆங்கிலத்துக்கு இன்னொரு குணம் உண்டு. கடன் வாங்கிய சொல்லை அது பெரும்பாலும் தன் வழக்கத்துக்கு மாற்றி எழுதுவதில்லை, வந்த உடுப்போடே உள்ளே விடும். அதனால் சி-எச் என்ற ஒரே கூட்டு மூன்று விதமாக ஒலிக்கிறது. 'சர்ச்' பழைய ஆங்கிலச் சொல். 'கோரஸ்' கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியே வந்தது, அங்கே அது 'க'. 'ஷெஃப்' அண்மைக்காலப் பிரெஞ்சு, அங்கே இப்போது அது 'ஷ'. வேடிக்கை என்னவென்றால் 'சீஃப்' (தலைவர்) என்பதும் 'ஷெஃப்' என்பதும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான். முதல் தடவை இடைக்காலத்தில் வாங்கினார்கள், அப்போது பிரெஞ்சே 'ச' என்று சொன்னது. மறுபடி 19ஆம் நூற்றாண்டில் வாங்கினார்கள், அதற்குள் பிரெஞ்சு நாக்கு 'ஷ'வுக்கு மாறியிருந்தது. கர்னல் பதவியின் கதை இதற்கும் ஒரு படி மேல். ஒரு வடிவம் எல் போட்டு இத்தாலியிலிருந்து, இன்னொன்று ஆர் போட்டு பிரெஞ்சிலிருந்து. எழுத்துக்கு எல்லையும் நாக்குக்கு ஆரையும் எடுத்துக்கொண்டார்கள். தமிழில் 'கர்னல்' என்று காதில் விழுந்ததை எழுதித் தப்பித்தோம்.

சரி, திருத்தப் பார்த்தவர்கள்? 1560களில் தாமஸ் ஸ்மித், ஜான் ஹார்ட் இருவரும் ஒலிக்கு ஏற்ற புதிய எழுத்துமுறைகளை நூலாகவே போட்டார்கள். அதே நூற்றாண்டில் ரிச்சர்ட் மல்காஸ்டர் என்ற பள்ளித் தலைமையாசிரியர் எதிர்ப்பக்கம் நின்றார். ஒலியை நம்பி எழுதினால் ஒலி மாறும்தோறும் எழுத்தை மாற்ற வேண்டும், வழக்கத்தை ஏற்றுக்கொண்டு அதற்குள் ஒழுங்கு செய்வோம் என்பது அவர் கட்சி. ஜெயித்தது அவர்தான். ஒரு மொழிக் கழகம் அமைக்க வேண்டும் என்று ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இல் கேட்டார், பிரான்சில் 1635இலேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் அது அமையவே இல்லை. அந்த இடத்தை 1755இல் சாமுவேல் ஜான்சனின் அகராதி பிடித்துக்கொண்டது. சுமார் 42,000 சொல். ஜான்சன் ஸ்பெல்லிங்கைப் புதிதாக உண்டாக்கவில்லை, அச்சகங்களில் வழங்கியதை ஏற்று முத்திரை குத்தினார்.

அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டர் ஒருவர்தான் ஓரளவு சாதித்தவர். புது நாட்டுக்குத் தனி ஸ்பெல்லிங் வேண்டும் என்பது அவருக்கு அரசியல். 'கலர்' சொல்லிலிருந்து யூவை எடுத்தது, 'சென்டர்' கடைசியில் ஈ, ஆர் என்று இடம் மாற்றியது எல்லாம் அவர் 1828 அகராதி மூலம் நிலைத்தவை. நாக்கு, பெண்கள் போன்ற சொற்களையும் காதில் விழுகிற மாதிரி எழுதச் சொன்னார். அதற்கு அமெரிக்கர்களே சிரித்தார்கள். 1906இல் தொழிலதிபர் கார்னகியின் பணத்தில் ஒரு எளிய ஸ்பெல்லிங் குழு அமைந்தது. அவர்கள் திருத்திய 300 சொற்களை அரசு அச்சகம் பயன்படுத்த வேண்டும் என்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார். பத்திரிகைகள் கிண்டலடித்தன, நாடாளுமன்றம் ஏற்க மறுத்தது, சில மாதத்தில் அவரே வாபஸ் வாங்கினார். பெர்னார்ட் ஷா தன் உயிலில் புதிய எழுத்துக்கென்று பணம் ஒதுக்கினார். எழுத்தும் உருவானது, 1962இல் அவருடைய ஒரு நாடகம் அதில் அச்சாகவும் செய்தது. அத்தோடு சரி.

தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை என்றே சொல்வேன். ஒலிப்படி எழுதுவதென்றால் யாருடைய ஒலி? 'கார்' என்பதில் லண்டன்காரர் கடைசி ஆரை விழுங்குகிறார், அமெரிக்கர் நாக்கை மடித்துச் சொல்கிறார், ஸ்காட்லாந்துக்காரர் உருட்டுகிறார். அவரவர் காதுப்படி எழுதினால் ஒருவர் நூலை இன்னொருவர் வாசிக்க முடியாது. தமிழிலும் 'வருகிறது' என்று எழுதிவிட்டு நெல்லையில் ஒரு மாதிரி, யாழ்ப்பாணத்தில் ஒரு மாதிரி சொல்கிறோம். எழுத்து பொதுவாக இருப்பதால்தான் ஒருவருக்கொருவர் வாசிக்க முடிகிறது. தவிரவும், ஆங்கில ஸ்பெல்லிங் காதுக்கு ஒளிப்பதைச் சில சமயம் கண்ணுக்குக் காட்டிவிடும். 'சைன்' (கையொப்பமிடு) என்பதில் ஜி ஊமை, 'சிக்னேச்சர்' என்பதில் அதே ஜி பேசுகிறது. ஜியை நீக்கினால் இரண்டும் உறவு என்பதே தெரியாது. 'ஹீல்' (குணமாக்கு), 'ஹெல்த்' (நலம்) இரண்டும் அப்படித்தான். மகளுக்குச் சொல்லித் தரும்போது ஊமை எழுத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதோடு, அந்தச் சொல்லின் சொந்தக்காரச் சொற்களையும் சேர்த்துக் காட்டிப் பாருங்கள். சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ஜி-எச், ஓ, டி-ஐ என்று எழுதினால் 'ஃபிஷ்' என்று வாசிக்கலாம் ('எனஃப்' சொல்லின் ஜி-எச், 'விமன்' சொல்லின் ஓ, 'நேஷன்' சொல்லின் டி-ஐ) என்று ஒரு பழைய கிண்டல் உண்டு, ஷா சொன்னதாக எல்லோரும் எழுதுவார்கள். அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1855இல் எழுதிய ஒரு கடிதத்திலேயே அது இருக்கிறது. கிண்டலும் செல்லாது. சொல்லின் தொடக்கத்தில் ஜி-எச் ஒருபோதும் 'ஃப்' ஆகாது, சொல்லின் கடைசியில் டி-ஐ ஒருபோதும் 'ஷ்' ஆகாது. எந்த எழுத்து எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஆங்கிலத்தில் விதி நிறையவே உண்டு, அவற்றைப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியாக, இதுவரை சொன்னதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. நாக்கு எழுத்தைப் பார்த்து மாறுகிறது. 'ஃபால்ட்' (குற்றம்) என்ற சொல்லில் எல் பண்டிதர்கள் சொருகியது. ஜான்சன் தன் அகராதியில், பேச்சில் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள் என்று குறிக்கிறார். இன்று எல்லோரும் எல்லைச் சொல்கிறார்கள். 'ஹெர்ப்' (மூலிகை) சொல்லின் எச்சை ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டில்தான் உச்சரிக்க ஆரம்பித்தார்கள், அமெரிக்கர்கள் இன்னும் 'எர்ப்'தான். 'ஆஃபன்' என்பதை டி சேர்த்து 'ஆஃப்டன்' என்று சொல்பவர்கள் இங்கிலாந்திலும் இப்போது நிறைய. காதில் கேட்டுப் பழகாமல் புத்தகத்தில் பார்த்துப் பழகியவர்கள் பெருகினால் இது நடக்கும். குழாய் ரிப்பேருக்கு வருபவர் இடைக்கால ஆங்கிலத்தில் 'பிளமர்'. ஈயத்துக்கு லத்தீனில் 'பிளம்பும்' என்று காட்டி நடுவில் பி சேர்த்தார்கள், இங்கிலாந்தில் அது இன்றும் ஊமை. 'பிளமர்' என்று குடும்பப் பெயர் வைத்திருப்பவர்கள் அந்த பி இல்லாமல்தான் எழுதுகிறார்கள். பண்டிதர்கள் ஆசைப்பட்டபடி அந்த பி-யை வாய்நிறையச் சொல்வது தமிழ்நாட்டில்தான். இங்கே யாரைக் கேட்டாலும் பிளம்பர்.